பீன்ஸ் விதை வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேளுங்கள்

பீன்ஸ் விதைப் பொட்டலத்தின் முன்பக்கத்தை யார் அச்சிட்டாலும் ஒன்றுபோலவே இருக்கிறது: நீளமான, வளைவில்லாத, தண்ணீர் தெளித்த பச்சைக் காய்கள். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கிய இருவரில் ஒருவருக்குக் கொடி ஏறி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போகிறது. இன்னொருவருக்கு முழங்கால் உயரத்தில் நின்று, இரண்டு மூன்று பறிப்போடு செடி ஓய்ந்துவிடுகிறது. வேறு சிலருக்கு இலை செழிக்கிறது, பூ வருகிறது, காய் மட்டும் பிடிப்பதில்லை. உடனே மண்ணையும் உரத்தையும் குறை சொல்லத் தொடங்குகிறோம். பெரும்பாலும் காரணம் பொட்டலத்தின் பின்பக்கத்திலேயே, பொடி எழுத்தில், இரண்டே சொற்களில் இருந்திருக்கும். அதுதான் ரகத்தின் பெயர்.

‘பீன்ஸ்’ என்பது ஓர் இனத்தை மட்டுமே குறிக்கிறது. தாவரவியலில் ஃபேசியோலஸ் வல்காரிஸ், விதைச் சட்டத்தின் மொழியில் பிரெஞ்சு பீன்ஸ், இலங்கையில் போஞ்சி. நாம் காயாகப் பறித்துப் பொரியல் செய்வதும், முற்றவிட்டு உரித்து ராஜ்மாவாக வேகவைப்பதும் இந்த ஒரே இனம்தான். இதன் காட்டு மூதாதை அமெரிக்கக் கண்டத்துக்காரி. மெக்சிகோ பக்கத்திலும் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு மக்கள் கூட்டங்கள் இதைப் பயிராக்கினார்கள். 2014இல் வெளியான பீன்ஸ் மரபணுத் தொகுதி ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. பயிரான காலம் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன். இரண்டு தொட்டிலில் வளர்ந்து, பிறகு உலகெங்கும் கலந்ததால் வந்த பன்மை மலைக்க வைப்பது. கொலம்பியாவின் பால்மிராவில் உள்ள பன்னாட்டு விதை வங்கியில் மட்டும் பீன்ஸ் வகைகள் சுமார் 37,000 பாதுகாக்கப்படுகின்றன. இத்தனைக்கும் நடுவே ‘உயர்தர பீன்ஸ்’ என்று மட்டும் எழுதிய பொட்டலம் நமக்கு எதையும் சொல்லவில்லை.

பெயர் சொல்லும் முதல் செய்தி, செடி ஏறுமா நிற்குமா என்பது. காட்டு பீன்ஸ் கொடிதான். அதன் நுனிக்குருத்து ஓயாமல் வளர்ந்துகொண்டே போகும். பூக்கள் பக்கவாட்டில் வரும். அந்த நுனியை வளர்ச்சி நிலையிலேயே வைத்திருக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அது பழுதாகிவிட்டால் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடுகிறது. மேலே போக வழியில்லாத செடி குட்டையாக, கிளைத்து நிற்கிறது. அதுதான் குத்துச்செடி பீன்ஸ். ஒரு பழுதை மனிதர் விரும்பித் தேர்ந்து பெருக்கிய கதை இது. குத்துச்செடிக்குப் பந்தலோ குச்சியோ வேண்டாம். பூவெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருவதால் அறுவடையும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். கொடி வகை முதல் காய்க்குப் பத்து நாள் போலக் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், நுனி வளரும் வரை காய்த்துக்கொண்டே இருக்கும். வாரம் இருமுறை ஒரு கைப்பிடி காய் வேண்டும் வீட்டுக்குக் கொடி ஏற்றது. ஒரே வேளையில் பறித்துச் சந்தைக்கு ஏற்ற வேண்டியவருக்குக் குத்துச்செடி. விதைச் சட்டம் அட்டையில் கேட்கும் விவரங்களில் இந்த வேறுபாடு கிடையாது; ரகத்தின் பெயருக்குள் அது அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே பெயரை அறியாதவர் குச்சி நட வேண்டுமா என்பதைக்கூட அறிய முடியாது.

நம்மூர்ப் பெயர்களைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்கள், பிறந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சுருக்கமாகச் சுமந்துகொண்டிருக்கும். ஒய்சிடி 1 என்றால் ஏற்காடு. டிகேடி 1 என்றால் கொடைக்கானல் கீழ்மலையிலுள்ள தடியன்குடிசை. கேகேஎல் 1 என்றால் கொடைக்கானல். ஊட்டி 1, ஊட்டி 2 என்பவற்றுக்கு விளக்கமே வேண்டாம். டிகேடியும் கேகேஎல்லும் கொடி வகைகள். அர்கா என்று தொடங்குபவை பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிள்ளைகள். அர்கா கோமல் குத்துச்செடி, வெகுகாலமாக விற்கப்படுவது. அர்கா சுவிதா நாரில்லாதது. புளூ கிராப், கன்டென்டர் என்ற இரண்டு வெளிநாட்டு ரகங்களை இணைத்துப் பெற்றது. அர்கா அனூப், துரு நோயையும் பாக்டீரியாக் கருகலையும் தாங்குவதற்கென்று உருவாக்கப்பட்டது. பூசா என்று தொடங்கினால் டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். அவர்களுடைய பூசா பார்வதி, விதை மீது எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, அதனால் நேர்ந்த மாற்றங்களிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம்.

வெளிநாட்டுப் பெயர்களிலும் வரலாறு உறைந்திருக்கிறது. கென்டக்கி வொண்டர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொடி ரகம். இந்திய மலைகளிலும் இலங்கையின் நுவரெலியா, பதுளைப் பக்கங்களிலும் அது வேரூன்றிவிட்டது. கன்டென்டர், அமெரிக்க வேளாண் துறை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உருவாக்கி 1949இல் வெளியிட்ட குத்துச்செடி. சார்ல்ஸ்டன் புழுக்கமான கடலோர ஊர். வெயிலை ஓரளவு தாங்கும் குணம் அந்த ரகத்துக்கு உண்டு.

வெயில் பீன்ஸுக்குப் பெரிய விஷயம். பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவிலும் தணியாமல் போனால், பூவுக்குள் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. செடி வாடாது, இலை பழுக்காது, பூவும் வரும். ஆனால் கருவுறாத பூ உதிர்ந்துவிடும். மே மாதத்து மதுரையில் பீன்ஸ் காய்க்காதது வளர்த்தவரின் குற்றமில்லை. சமவெளியில் அக்டோபர், நவம்பரில் விதைக்கச் சொல்வது இதனால்தான். பூக்கும் காலம் மார்கழிக் குளிரில் விழ வேண்டும். ‘ஆண்டு முழுவதும் விதைக்கலாம்’ என்று ஒரு பொட்டலம் சொன்னால், அது எந்த ஊரில் என்று அதனிடமே கேட்க வேண்டும். ‘50 நாளில் அறுவடை’ என்பதும் அப்படித்தான். அந்த நாள்கணக்கு விதைத்த நாளிலிருந்து முதல் பறிப்பு வரை. ஊட்டிக் குளிரில் அதே ரகம் இன்னும் மெதுவாக நடக்கும்.

அடுத்து, பொட்டலங்கள் பெருமையோடு போட்டுக்கொள்ளும் ‘நாரில்லாதது’ என்ற சொல்லைப் பார்க்கலாம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உயிரியல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

காட்டு பீன்ஸின் நெற்று காய்ந்ததும் படீரென்று வெடிக்கும். இரண்டு ஓடுகளும் திருகிக்கொண்டு பிரிய, விதைகள் தூரத்தில் போய் விழும். அந்த வெடிப்புக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். ஒன்று, காயின் இரு விளிம்புகளிலும் ஓடும் நார். பிளவு அந்தக் கோட்டில்தான் நடக்கிறது. மற்றது, தோலின் உட்புறம் படிந்திருக்கும் காகிதம் போன்ற கடினமான நார்ப்படலம். காயும்போது சுருங்கி முறுக்கு விசையைத் தருவது அது. சமையலறையில் நாம் கத்தியால் நுனியைக் கிள்ளி இழுத்தெறிகிற நார், விதை பரப்பும் ஒரு பொறியின் பாகம். பயிராக்கிய மனிதருக்கு இந்தப் பொறி வேண்டாத ஒன்று. நெற்று வெடித்தால் மணி மண்ணில் போய்விடுமே. அதனால் வெடிப்பது குறைந்த செடிகளையே அவர்கள் மறுபடி மறுபடி விதைத்தார்கள். காயாகவே சாப்பிடுபவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், உட்படலமும் விளிம்பு நாரும் இரண்டுமே இல்லாத செடிகளைத் தேடினார்கள். நியூயார்க் மாநிலத்தின் லிராய் ஊரைச் சேர்ந்த கால்வின் கீனி இதில் முன்னோடி. அவர் தேர்ந்தெடுத்த நாரில்லாத ரகத்தைப் பர்ப்பி விதை நிறுவனம் 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பீன்ஸ் நறுக்குவதென்றால் பெரும்பாலும் நார் உரிக்கும் வேலைதான்.

ஆனால் இந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது விதை. நார்ப்படலம் இல்லாத காய் முற்றிக் காய்ந்தால் வெடிப்பதில்லை. மாறாக, தோல் சுருங்கி மணிகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிரிக்கக் கூடுதலாக அடிக்க வேண்டும். பீன்ஸ் விதையோ அடி தாங்காதது. அதன் முளைக்குருத்து, இரண்டு பெரிய வித்திலைகளுக்கு நடுவே, மெல்லிய தோலுக்கு அடியில், கிட்டத்தட்டப் பாதுகாப்பின்றி இருக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் கொட்டினாலே உள்ளே விரிசல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. விதைத்தபின் வித்திலைகள் மட்டும் மேலே வந்து, நடுவே குருத்தில்லாமல் மொட்டையாக நிற்கும் நாற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். புழு தின்றுவிட்டது என்று நினைத்திருப்போம். பல சமயம் அது கதிரடிப்பில் உடைந்த குருத்து.

வெள்ளை விதை ரகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். விதைத்தோலின் கறுப்பு, பழுப்பு, சிவப்பு நிறங்களைத் தருகிற டானின் போன்ற பொருள்கள் தோலுக்கு உறுதியையும், மண்ணிலுள்ள பூஞ்சைகளுக்கு எதிரே ஓரளவு காப்பையும் தருகின்றன. வெள்ளை விதைக்கு அது இல்லை. தண்ணீரை வேகமாக உறிஞ்சும், சீக்கிரம் அழுகும். பிறகு ஏன் வெள்ளை விதை ரகங்களை வளர்க்கிறார்கள் என்றால், டப்பாவில் அடைக்கும்போது நீர் நிறம் மாறாமல் இருப்பதற்காக. வீட்டுத் தோட்டத்துக்கு அந்தத் தேவையே இல்லை. இரண்டு பொட்டலங்களில் வேறு வித்தியாசம் தெரியாவிட்டால், நிறமுள்ள விதையையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

விதையை இரவு முழுவதும் ஊறவைத்து நடும் பழக்கம் நமக்கு உண்டு. பாகலுக்கும் புடலுக்கும் அது சரி. பீன்ஸுக்குக் கெடுதல் செய்யக்கூடும். காய்ந்த வித்திலைகளுக்குள் தண்ணீர் ஒரேயடியாகப் புகுந்தால் செல் சவ்வுகள் கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது. அந்தச் சர்க்கரைக்குப் பூஞ்சை ஓடி வரும். தண்ணீருக்குள் மூச்சும் கிடைக்காது. ஈரமான, ஆனால் சொதசொதப்பில்லாத மண்ணில் உலர்ந்த விதையையே ஊன்றுவது நல்லது.

இனி அட்டையில் உள்ள எண்கள். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டமும் 1968ஆம் ஆண்டு விதிமுறைகளும் கேட்பவை இவை: பயிர், ரகம், குவியல் எண், பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன், புறத்தூய்மை, எடை, விற்பவரின் பெயரும் முகவரியும், மருந்து கலந்திருந்தால் அதன் விவரம். பிரெஞ்சு பீன்ஸுக்கு இந்தியாவின் குறைந்தபட்சத் தரம்: முளைப்புத்திறன் 75 விழுக்காடு, புறத்தூய்மை 98 விழுக்காடு, ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

முளைப்புத்திறன் 75 என்றால் உங்கள் தொட்டியில் நூற்றுக்கு எழுபத்தைந்து வரும் என்று பொருளில்லை. ஆய்வகத்தில் நூறு நூறாக நான்கு தொகுதி, ஆக 400 விதைகளை, அளவான ஈரத்திலும் வெப்பத்திலும் வைத்து, ஒன்பதாம் நாளில் எண்ணுகிறார்கள். குருத்தும் வேரும் முழுதாக உள்ள நாற்று மட்டுமே கணக்கில் சேரும். மேலே சொன்ன மொட்டை நாற்றுகள் சேரா. அந்த வகையில் இது கண்டிப்பான கணக்குதான். ஆனால் ஆய்வகத்தில் எறும்பில்லை, கனமழையில்லை, இறுகிய மண்ணில்லை. எனவே அது நல்ல சூழலில் எட்டக்கூடிய உச்சம். அமெரிக்காவின் கூட்டாட்சி விதைச் சட்டம் தோட்டத்து பீன்ஸுக்குக் கேட்பது இன்னும் குறைவு, 70 விழுக்காடு. முதன்முறை பார்ப்பவருக்கு இந்த எண்கள் சற்றுத் தாழ்வாகத் தோன்றலாம். பீன்ஸ் விதையின் மென்மையை நினைத்தால் நியாயம் தெரியும்.

புறத்தூய்மை என்பது கல், தூசி, உடைந்த துண்டுகள் போன்ற கலப்பு இல்லாமல் இருப்பது, அவ்வளவே. விதை சொன்ன ரகம்தானா என்பது இனத்தூய்மை. அதை விதையைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது, பெரும்பாலும் வளர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 98 என்று இருப்பதால் ரகம் சுத்தம் என்று நம்புகிறவர்கள் நிறைய.

ஈரப்பதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. விதையின் ஆயுளைத் தீர்மானிப்பதே அதுதான். விதை சேமிப்பில் விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த ஒரு நடைமுறை விதி உண்டு: ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும், வெப்பம் ஐந்து பாகை குறைந்தாலும் அப்படியே. 9 விழுக்காட்டில் அடைத்த பொட்டலத்தைப் பிரித்து, சென்னையின் கடற்காற்றில் அலமாரியில் போட்டுவைத்தால், ஈரம் மெல்ல ஏறி 13ஐ எட்டக்கூடும். அந்த விதியின்படி ஆயுள் பதினாறில் ஒரு பங்காகிறது. மிச்ச விதையை இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பரிசோதித்த தேதியிலிருந்து 9 மாதம் வரை அந்த அட்டை செல்லும். பிறகு விற்க வேண்டுமென்றால் மறுபடி பரிசோதித்தாக வேண்டும். பொதியடைத்த தேதி வேறு, பரிசோதித்த தேதி வேறு, பின்னதையே பாருங்கள். அட்டையின் நிறமும் ஒரு செய்திதான். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். இளம்பச்சை அட்டை உண்மைநிலை விதை, அதாவது சான்றுத் துறையின் மேற்பார்வை இல்லாமல் தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்பது. கடையில் கிடைக்கும் காய்கறி விதைகளில் பெரும்பாலானவை இந்த வகையே. சான்று பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் அறிவிக்கை செய்யப்பட்ட ரகமென்றால் அட்டை கட்டாயம்.

பொட்டலத்தில் ‘எஃப்1 வீரிய ஒட்டு’ என்று இருந்தால் நின்று யோசியுங்கள். பீன்ஸ் பூவுக்குள் மகரந்தப்பைகள் பூ விரிவதற்குச் சற்று முன்பே வெடித்து, சூல்முடியில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. பூச்சி வருவதற்குள் திருமணம் முடிந்துவிடுகிறது. ஒட்டு விதை வேண்டுமென்றால் ஒவ்வொரு மொட்டையும் கையால் திறந்து, மகரந்தப்பைகளைக் கிள்ளி, வேறு செடியின் மகரந்தத்தை வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு காயில் ஐந்தாறு விதைதான் கிடைக்கும். தக்காளியில் இதே உழைப்புக்கு ஒரு பழத்தில் நூற்றுக்கு மேல் விதை. அதனால் ஆராய்ச்சிக்காக ஒட்டுக் கட்டுவார்களே தவிர, கடையில் விற்கும் அளவுக்கு எஃப்1 பீன்ஸ் விதை என்பது இல்லையென்றே சொல்லலாம். அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ‘மரபணு மாற்றம் செய்யாதது’ என்பதும் உண்மைதான், ஆனால் எந்தப் பொட்டலத்துக்கும் பொருந்தும் உண்மை. பிரேசில் 2011இல் நோய் தாங்கும் மரபணு மாற்றிய பீன்ஸ் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. இந்தியச் சந்தையில் அப்படி எதுவும் இல்லை.

இந்தத் தன்மகரந்தச் சேர்க்கையால் நமக்குப் பெரிய நன்மை உண்டு. விதை உற்பத்தியில் சான்று விதைக்காக இரண்டு பீன்ஸ் ரகங்களுக்கு இடையே விட வேண்டிய தூரம் வெறும் 5 மீட்டர். தேனீயை நம்பியிருக்கும் பூசணிக்கு 500 மீட்டர். மாடித்தோட்டத்தில் பூசணி விதையைச் சுத்தமாக எடுப்பது மிகக் கடினம். பீன்ஸில் யாரும் செய்யலாம். 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பகிரவும் விற்கவும் அனுமதிக்கிறது; வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. ஆகவே நல்ல ரகம் ஒன்றைப் பெயர் தெரிந்து ஒருமுறை வாங்கினால், அதே பெயரோடு ஆண்டாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயமேறி இருந்தால் மருந்து கலந்தது. விதைத்து மிஞ்சியதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

சொந்த விதை எடுப்பவர் ஒன்றில் மட்டும் கண்ணாக இருக்க வேண்டும். பீன்ஸ் தேமல் நச்சுயிரி விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். அது தொற்றிய விதை நன்றாகவே முளைக்கும், முளைப்புத்திறன் எண்ணில் தெரியாது, விதையின் தோற்றத்திலும் தெரியாது. தெரியும் ஒரே இடம் தாய்ச்செடியின் இலை: கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாக, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். எனவே விதைக்கு விடும் செடிகளைக் காய்த்தபின் தேர்ந்தெடுக்காமல், இளம் இலைப் பருவத்திலேயே பார்த்து நூல் கட்டிவிட வேண்டும். திட்டு விழுந்த செடியைக் கண்டதும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அசுவினி அதை உறிஞ்சி, நூல் கட்டிய செடிக்கும் கொண்டுபோகும்.